பிறர் பணத்தில் செய்யும் தர்மம்
(வங்கிகளும் தொண்டு நிறுவனங்களும் கடந்து வந்த வழி)



நமது மஹல்லாவில் நால்வர் கூடிப் பேசும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. வங்கிகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயைச் சமூகப் பணிகளுக்கு வழங்குவதாகச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ், பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று படங்களும் வெளிவருகின்றன. அந்தப் பணம் நமது ஊர்ப் பக்கம் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே கேள்வி. இதற்குப் பாரபட்சம் என்று பதில் கூறுவோர் உண்டு. வட்டிக் கடைக்காரன் பணம் நமக்கு எதற்கு என்று ஒதுங்கிச் செல்வோரும் உண்டு. இரு பதில்களையும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் எந்த விதிகளின்படி எவர் கையிலிருந்து எவர் கைக்குச் செல்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ளவில்லை. அவ்விதிகள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. சுமார் நூறு ஆண்டுகளின் அனுபவமும் சில பெரும் இழப்புகளும் அவற்றின் பின்னால் உள்ளன. அந்த வரலாற்றைச் சுருக்கமாக எழுதுவதே நமது நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். தோல் வணிகம் செழித்த நமது வட்டாரம் கொடைக்குப் பெயர் பெற்றது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவியது. காகா முஹம்மது உமர் சாஹிப் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமைத் தொடங்கினார். மேல்விஷாரத்தில் எளிய நிலையில் பிறந்து பெரும் தோல் வணிகராக உயர்ந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (1863–1938) வாரி வழங்கிய வள்ளல் என்று இன்றும் நினைக்கப்படுகிறார். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே உள்ள சித்தீக் சராய் அவர் கொடை. அவர் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் கல்லூரி எழுந்தது. இந்தப் பெருமக்கள் அனைவரும் கொடுத்தது தம் சொந்தப் பணம். யாருக்குக் கொடுத்தாய், ஏன் அவருக்குக் கொடுத்தாய் என்று அவர்களைக் கேட்கும் உரிமை எவருக்கும் இருந்ததில்லை. அவர்கள் பதில் சொல்ல வேண்டியது இறைவனுக்கு மட்டுமே.

வங்கியின் நிலை அப்படியன்று. வங்கியின் தலைவர் கையெழுத்திட்டு ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் கொடுத்தால், அதில் ஒரு ரூபாய்கூட அவருடையது அன்று. அது பங்குதாரர்களின் லாபம். அரசு வங்கியானால் அந்தப் பங்குதாரர்களில் பெரியவர் அரசு, அதாவது பொதுமக்கள். அந்த லாபமோ, சிறுகச் சிறுகச் சேர்த்துப் போட்டவர்களின் வைப்புத்தொகையை வைத்து ஈட்டப்பட்டது. எனவே வங்கி செய்யும் தர்மம் பிறர் பணத்தில் செய்யும் தர்மம். மார்க்கம் இதனை அமானத் என்று கூறும்.

அமானத்தான பணத்தைக் கையாள்பவருக்கு எல்லை வகுப்பது நமக்குப் புதிதன்று. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதனை விற்கவோ அன்பளிப்பாகத் தரவோ வாரிசாகப் பிரிக்கவோ கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். அதனைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், தமக்கென்று செல்வம் சேர்க்கக் கூடாது என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்த நிகழ்ச்சியும் நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டதே. வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அண்ணலாரின் கேள்வி. பதவியால் வரும் ஆதாயம் பற்றி இன்றைய நிர்வாகச் சட்டங்கள் பல பக்கங்களில் கூறுவதன் சாரம் அதில் இருக்கிறது. நமது நாட்டிலும் 1923ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃபுச் சட்டம், முத்தவல்லி ஒவ்வொருவரும் வக்ஃபு சொத்தின் விவரத்தையும் தணிக்கை செய்த கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று பணித்தது. வங்கிகளின் தர்மக் கணக்கைச் சட்டம் இதே கண்டிப்புடன் கேட்கத் தொடங்குவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முந்தியது இது.

வங்கிகளின் கதைக்கு வருவோம். 1906 அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஆங்கிலேயரின் பெயரை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அந்த அதிர்ச்சியின் விளைவாகவே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. நம் பணத்தை நாமே கண்காணிக்கும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதன் அடித்தளத்தில் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் மங்களூரில் அம்மெம்பாள் சுப்பாராவ் பாய் தொடங்கிய நிதி பின்னாளில் கனரா வங்கியாயிற்று. எளியோருக்கு உதவுவது அதன் தொடக்க நோக்கங்களில் எழுதி வைக்கப்பட்ட ஒன்று. தெற்கே நாடார் சமுதாயத்தினர், வணிகத்தின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமை என்னும் பொதுநிதியால் பள்ளிகளையும் பேட்டைகளையும் நடத்திப் பழகியிருந்தனர். அந்தக் கூட்டு வாழ்விலிருந்து 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி அனைவருக்கும் உரியதாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஒரு சமுதாயத்தின் நிதி பொது நிறுவனமாக வளர்ந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழகத்தில் அரிது. நமது தோல் வணிகர்களிடம் அதற்கான செல்வம் அன்று இல்லாமல் இல்லை. வட்டி பற்றிய தயக்கம் அவர்களைக் கல்விக்கூடங்களின் பக்கம் திருப்பியது என்று நாம் எண்ணுகிறோம். அதில் வருந்த ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் ஒரு வங்கி நன்கொடை கொடுத்தால் அது இயக்குநர்களின் மனம் இரங்கியதன் விளைவு. 1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது நிலைமை மாறியது. இந்தியன் வங்கியும் அவற்றில் ஒன்று. அதே ஆண்டின் இறுதியில் மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி என்ற திட்டம் வந்தது. 1972இல் மிக ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் என்ற திட்டம் வந்தது. தனி மனிதர்களுடன் அனாதை இல்லங்களும் பெண்கள் காப்பகங்களும் அதில் கடன் பெறத் தகுதியுடையவை என்று குறிக்கப்பட்டிருந்தது பலருக்குத் தெரியாது. எனினும் அன்றைய போக்கில் ஒரு குறை இருந்தது. ஊருக்கு நன்மை செய்வது என்றால் மேலிருந்து வரும் இலக்கை நிறைவேற்றுவது என்றாகிவிட்டது. கடன் மேளாக்களில் பணம் பெற்றவர் யார், அது என்னவாயிற்று என்பதைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லை.

வங்கிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடையே முறையான உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டியவை இரண்டு முயற்சிகள். முதலாவது 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கியது. தர்மஸ்தலத்தின் கல்வி அறக்கட்டளை, சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகிய மூன்றும் கூட்டாகக் கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தின. (சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியுடன் இணைந்துவிட்டது.) பயிற்சி, உணவு, தங்குமிடம் அனைத்தும் இலவசம். பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், அந்த இளைஞர் தொழில் தொடங்கினாரா, கடன் கிடைத்ததா, நிலைத்தாரா என்று பின்தொடர்ந்து பார்த்தனர். நல்ல நோக்கம் பலரிடம் உண்டு. செய்ததன் பலனை எண்ணிப் பார்க்கும் பழக்கம் சிலரிடமே உண்டு. 2009இல் ஒன்றிய அரசு இந்த மாதிரியை நாடு முழுவதற்கும் ஏற்று, மாவட்டத்துக்கு ஒரு நிலையம் என்று விதித்து, அதனை நடத்தும் பொறுப்பை வங்கிகளிடம் ஒப்படைத்தது.

இரண்டாவது முயற்சி நமது அண்டை மாவட்டத்தில் நடந்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் (கிருஷ்ணகிரி அப்போது அதனுடன் சேர்ந்திருந்தது) ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அரசின் மகளிர் மேம்பாட்டுக் கழகம், இந்தியன் வங்கி, தொண்டு நிறுவனங்கள் ஆகிய மூன்றும் அதில் பங்கேற்றன. இன்று நம் வீடுகளில் குழு என்று ஒரே சொல்லில் குறிப்பிடப்படும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தமிழகத்தில் அதுவே தொடக்கம். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் சோதனைத் திட்டத்தை நாட்டளவில் ஆரம்பித்தது. 1990களின் பிற்பகுதியில் மகளிர் திட்டம் என்ற பெயரில் அது தமிழகம் முழுவதும் பரவியது.

அந்தத் திட்டத்தில் பணம் சென்ற வழியை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். தொண்டு நிறுவனம் பெண்களைக் கூட்டிக் குழு அமைத்தது. கூட்டம் நடத்தவும், தீர்மானப் புத்தகம் எழுதவும், சேமிப்பைக் கணக்கு வைக்கவும் கற்றுக்கொடுத்தது. வங்கி குழுவின் பெயரில் கணக்குத் தொடங்கிக் கடன் கொடுத்தது. கடன் பணம் வங்கியிலிருந்து நேரே குழுவின் கணக்குக்குச் சென்றது. இடையில் நின்ற தொண்டு நிறுவனத்தின் கை அதில் படவே இல்லை. நம்பிக்கை தருவது ஒருவர் வேலை, பணம் தருவது மற்றொருவர் வேலை என்று பிரிந்திருந்ததால், தவறு நடந்தால் எவரிடம் கேட்பது என்பது தெளிவாக இருந்தது. தொண்டு நிறுவனமே வங்கியிடம் மொத்தமாகக் கடன் வாங்கிக் குழுக்களுக்குப் பிரித்துத் தரும் வேறொரு முறையும் இருந்தது. ஆனால் நாட்டில் பெரும்பாலான குழுக்கள் நேரடி முறையிலேயே வங்கியுடன் இணைந்தன.

அந்த இரண்டாவது முறை பெருகிய இடத்தில் என்ன நடந்தது என்பதை ஆந்திரம் கண்டது. 1990களின் இறுதியில் தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். பின்னர் நிதி நிறுவனமாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கே சென்றது. அத்தகைய நுண்கடன் நிறுவனங்களுக்கு வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. ஏழைகளுக்குக் கடன் கொடுக்க வேண்டிய தம் கட்டாயக் கணக்கு அதனால் எளிதில் நிரம்பிற்று. ஏழைப் பெண்களிடம் அந்தப் பணம் எந்த வட்டியில் போய்ச் சேர்கிறது, வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதை விசாரிக்க வங்கிகளுக்கு அவசரம் இருக்கவில்லை. ஒரே பெண்ணுக்கு நான்கைந்து இடங்களில் கடன் ஏறியது. தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, வசூல் நின்றது, நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. அதன் பின்னரே ரிசர்வ் வங்கி மாலேகம் குழுவின் பரிந்துரைப்படி நுண்கடன் நிறுவனங்களுக்குத் தனி விதிகளை வகுத்தது. நமது பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வாரத் தவணை என்றால் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தர்மம் என்ற பெயருடன் தொடங்கிய ஒன்று கணக்குக் கேட்பாரின்றி வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

இந்நிலையில் வங்கிகள் தம் லாபத்திலிருந்து நேரடியாகத் தரும் நன்கொடை பற்றி ரிசர்வ் வங்கி 2005 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. முந்தைய ஆண்டின் லாபத்தில் நூற்றில் ஒரு பங்கு வரை வங்கி நன்கொடை தரலாம். நட்டத்தில் உள்ள வங்கி ஆண்டுக்கு மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல் தரக் கூடாது என்றது அது. அதாவது எவ்வளவு கொடுக்கலாம் என்ற வரம்பு மட்டும் அப்போது வந்தது. 2007 டிசம்பர் 20 அன்று வந்த மற்றொரு சுற்றறிக்கை வேறு தன்மையது. வங்கிகள் தம் சமூகப் பொறுப்பையும் சுற்றுச்சூழல் மீதான தம் கடன்களின் விளைவையும் எண்ணிப் பார்த்து, இயக்குநர் குழுவின் ஒப்புதலுடன் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது.

சுற்றுச்சூழல் என்றதும் நமக்குப் பாலாறு நினைவுக்கு வராமல் இராது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். டேனரிகள் மிகுந்த இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்று அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை அதில் நிலைபெற்றது. அந்த டேனரிகளில் வங்கிக் கடனில் எழுந்தவையும் உண்டு. கடன் கொடுக்கும்போது அடமானப் பத்திரம் கேட்கப்பட்டது. கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்கப்படவில்லை. ஆற்றைக் கெடுத்த கடனைக் கொடுத்துவிட்டு, ஆற்றோரப் பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுப்பது சமூகப் பொறுப்பு ஆகாது என்பதே 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் உட்பொருள் என்று நாம் கொள்கிறோம். தொழில் செய்தவர்களில் நம்மவர் பலர் என்பதால் இதனை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

அடுத்த படி நிறுவனங்கள் சட்டம், 2013. அதன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற அளவை எட்டிய எந்த நிறுவனமும், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கென இயக்குநர்களின் குழு ஒன்று இருக்க வேண்டும். இதனால் தலைவரின் மனஇரக்கம் என்ற காலம் சட்டப்படி முடிந்தது. எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ., ஆக்சிஸ் முதலிய தனியார் வங்கிகளும், நம் தமிழகத்தின் கரூர் வைசியா, சிட்டி யூனியன், மெர்க்கன்டைல் வங்கிகளும் நிறுவனங்கள் ஆதலின் இச்சட்டத்துக்குள் வருகின்றன. எச்.டி.எஃப்.சி. வங்கி மட்டும் 2023-24இல் 900 கோடி ரூபாய்க்கும் மேல் இதற்குச் செலவிட்டது.

அரசு வங்கிகள் இதில் வருவதில்லை. பலரும் அறியாத செய்தி இது. பாரத ஸ்டேட் வங்கி 1955ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தாலும், மற்றவை 1970, 1980ஆம் ஆண்டுகளின் நாட்டுடைமைச் சட்டங்களாலும் அமைந்தவை. நிறுவனங்கள் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஸ்டேட் வங்கி முந்தைய ஆண்டு லாபத்தில் நூற்றில் ஒன்றை ஒதுக்கும் வழக்கம் உடையது. 2022-23இல் அதன் நிகர லாபம் 50,232 கோடி. அதில் நூற்றில் ஒன்று என்றால் சுமார் 502 கோடி. சிறு தொகை அன்று. 2015இல் ஸ்டேட் வங்கி தனக்கென ஓர் அறநிறுவனத்தையும் அமைத்தது. ஆக, ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே இருக்கும் அரசு வங்கிக் கிளைக்கும் தனியார் வங்கிக் கிளைக்கும் தர்மத்தின் விதி வேறு வேறு. கிளை மேலாளரிடம் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய தொகைகளைப் பற்றிய முடிவு எடுக்கப்படுவது கிளையில் அன்று.

2014 முதல் ஏழாண்டுகள் சட்டத்தில் ஒரு தளர்வு இருந்தது. செலவிடாவிட்டால் காரணத்தை அறிக்கையில் எழுதினால் போதும். அத்துடன் பணம் பெற்றவர் உண்மையிலேயே செயல்படும் அமைப்பா என்பதை உறுதிப்படுத்த மையமான பதிவேடு எதுவும் இல்லை. 2021 ஜனவரியில் வந்த திருத்தங்கள் இரண்டையும் மாற்றின. தொடர் திட்டத்துக்கென ஒதுக்கிச் செலவிடாத பணம், ஆண்டு முடிந்த முப்பது நாட்களுக்குள் தனிக் கணக்குக்குச் செல்ல வேண்டும், மூன்றாண்டுகளுக்குள் செலவாக வேண்டும், தவறினால் அபராதம். கொடுத்த பணம் குறித்த வேலைக்கே பயன்பட்டது என்று நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தம் பெரிய திட்டங்களின் பலனை வெளியாரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். நிர்வாகச் செலவு என்று நிறுவனம் தன் பங்குக்கு எழுதிக்கொள்வது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நியாயமான அளவில் உண்ணலாம், சேர்க்கக் கூடாது என்ற கைபர் நிலத்து நிபந்தனைக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் எண் கிடைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பெறுபவர் மீதும் கட்டுப்பாடு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிந்து எண் பெற்ற அமைப்பு மட்டுமே இப்பணத்தைப் பெற்றுத் திட்டம் நடத்த முடியும். அது பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாபநோக்கமற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 12ஏ, 80ஜி எனப்பட்ட பதிவுகளும் மூன்றாண்டுச் செயல்பாடும் அதற்கு வேண்டும் என்பது பொது விதியாயிற்று.

நமது ஜமாஅத்துகள் நின்றுபோகும் இடம் இதுவே. பள்ளிவாசலின் பெயரில் உள்ள கணக்கில் இப்பணத்தைப் பெற இயலாது. வழிபாட்டுத் தலம் கட்டுவதோ பராமரிப்பதோ சட்டம் குறிப்பிடும் சமூகப் பணிகளின் பட்டியலில் இல்லை; எந்த மதத்துக்கும் இதே விதிதான். அதைவிட முக்கியமான தடை 80ஜி பதிவில் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மதத்தினர் அல்லது சாதியினரின் நலனுக்கென்றே ஏற்பட்ட அறநிறுவனத்துக்கு அப்பதிவு கிடைக்காது. பெண்கள், குழந்தைகள், பிற்பட்ட வகுப்பினர் முதலியோருக்கென அமைந்ததற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நம்மிடையே நல்லெண்ணத்துடன் எழுதப்பட்ட எத்தனையோ அறக்கட்டளைப் பத்திரங்களில் "முஸ்லிம் சமுதாயத்தின் முன்னேற்றத்துக்காக" என்ற வரி முதல் நோக்கமாக இடம்பெற்றிருக்கிறது. அந்த ஒரு வரியுடன் வாசல் மூடிவிடுகிறது.

பாரபட்சம் அறவே இல்லை என்று நாம் கூறவில்லை. 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, முன்னுரிமைத் துறைக் கடன் கணக்குகளில் முஸ்லிம்களின் பங்கு சுமார் 12 சதவீதம் என்றும், நிலுவைத் தொகையில் அவர்கள் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு என்றும் காட்டிற்று. முஸ்லிம்கள் செறிந்து வாழும் சில பகுதிகளைச் சில வங்கிகள் கடன் தரத் தகாத பகுதி என்று ஒதுக்கியிருந்ததையும் அது குறிப்பிட்டது. அந்த அநீதிக்குப் பதில் கேட்க வேண்டியது வேறு மேடை. ஆனால் கடனில் நடந்த அநீதியைக் காட்டி, நன்கொடைக்குத் தேவையான ஆவணங்களை நாம் ஆயத்தம் செய்யாததை மறைக்க முடியாது.

மாற்று வழி கடினமானதன்று. ஜமாஅத்தின் வக்ஃபு கணக்கு, பைத்துல்மாலின் ஸகாத் கணக்கு, அனைத்துச் சமுதாயத்தினருக்கும் சேவை செய்யும் அறக்கட்டளையின் கணக்கு ஆகிய மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். ஸகாத்தைப் பெறுவோர் யார் என்பதை மார்க்கம் வகுத்திருக்கிறது. அதில் வெளிப் பணத்தைக் கலக்க முடியாது, அதனை வெளி நிபந்தனைகளுக்கு உட்படுத்தவும் முடியாது. மருத்துவம், கல்வி, பயிற்சி ஆகியவற்றுக்கான அறக்கட்டளையின் வாசலோ எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். இது சட்டத்துக்காகச் செய்துகொள்ளும் சமரசம் என்று எவரும் எண்ண வேண்டாம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியிலும் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியிலும் எல்லாச் சமயத்து மாணவர்களும் படித்து வெளிவந்திருக்கிறார்கள். பெயர் நம்முடையதாகவும் பயன் ஊருடையதாகவும் இருப்பது இந்த வட்டாரத்தின் மரபு. அறங்காவலர்களில் ஒரே குடும்பத்தினர் நிறைந்திருக்கக் கூடாது என்பதும், பணம் பெறும் அமைப்பின் நிர்வாகி தன் கடையிலேயே தையல் இயந்திரங்களை வாங்கக் கூடாது என்பதும் நாம் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் வங்கியின் ஆய்வாளர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

வட்டியை வருவாயாகக் கொண்ட நிறுவனத்தின் பணத்தை ஏற்கலாமா என்ற கேள்விக்கு நாம் இங்கே தீர்ப்புக் கூற முன்வரவில்லை. பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்பது பற்றியும், கல்விக்கும் மருத்துவத்துக்கும் இடையே வேறுபாடு உண்டா என்பது பற்றியும் கண்ணியமிகு உலமாக்களிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, அதனைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வதே முறை. பணம் வந்த பின் கேட்பதைவிட முன்னரே கேட்பது நல்லது.

அறக்கட்டளை, பதிவு, மூன்றாண்டுச் செயல்பாடு ஆகியவற்றுக்குக் காலம் பிடிக்கும். அதுவரை காத்திராமல் பெறக்கூடியதும் ஒன்று உண்டு. உஜிரேயில் பிறந்த அந்தப் பயிற்சி நிலைய மாதிரி, மாவட்டத்துக்கு ஒன்று என்ற விதிப்படி நமக்கும் உரியது. 2019இல் திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் பிரிந்த பின்னரும் பள்ளிகொண்டா வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. இம்மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. தையல், கைபேசி பழுதுபார்ப்பு, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பு போன்ற பயிற்சிகள் இத்தகைய நிலையங்களில் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. இதற்கு ஜமாஅத்தின் பரிந்துரையோ அறக்கட்டளைப் பத்திரமோ தேவையில்லை. தோல் வேலை குறைந்து வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு நேரில் சென்று விசாரிக்கலாம்.